அவிழாத ஷூ லேஸ்

என் மாமியார் 31 வருடம் கரும்பலகையில் எரிமலை வரைந்தவர். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை.

வத்தலக்குண்டுப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் புவியியல் டீச்சர். வெள்ளைச் சாக்பீஸில் பெரிய முக்கோணம், நடுவே மேலிருந்து கீழாக ஒரு குழாய், அடியில் சிவப்புச் சாக்பீஸில் வயிறு போல ஒரு வட்டம். 'பாறைக்குழம்பு' என்று அம்புக்குறி போட்டு எழுதுவாராம். செயல்படும் எரிமலை, உறங்கும் எரிமலை, தணிந்த எரிமலை. இந்தியாவில் செயல்படும் எரிமலை அந்தமான் பக்கம் பாரன் தீவில். பசிபிக் பெருங்கடலைச் சுற்றி நெருப்பு வளையம். இதையே வருடா வருடம் சொல்லிச் சொல்லி, ரிட்டையர் ஆகி எட்டு வருடம் கழித்து, ஆறு மாத விசாவில் கலிஃபோர்னியாவில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

வந்த இரண்டாவது வாரம், என் ஒன்பது வயது மகளின் அட்லஸைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "ஏம்மா, நீங்க இருக்கறதே நெருப்பு வளையத்து மேலதான? பக்கத்துல எரிமலை ஏதாச்சும் இருக்கா?"

பக்கத்தில் என்று சொல்ல முடியாது. ஃப்ரீமாண்டிலிருந்து வடக்கே காரில் நாலரை மணி நேரம் போனால் லாசன் எரிமலைத் தேசியப் பூங்கா. காஸ்கேட் மலைத்தொடரின் தென்கோடி எரிமலை. 1914-ல் புகைய ஆரம்பித்து 1917 வரை விட்டுவிட்டு வெடித்தது. 1915 மே 22 அன்று கக்கிய சாம்பல் 30,000 அடிக்கு மேல் எழும்பியது. அடங்குவதற்கு முன்பே, 1916 ஆகஸ்டில், அரசாங்கம் அதைத் தேசியப் பூங்காவாக்கிவிட்டது. 20-ஆம் நூற்றாண்டில் காஸ்கேட் தொடரில் வெடித்தவை இரண்டே எரிமலைகள். ஒன்று இது. மற்றது 1980-ல் வெடித்த செயின்ட் ஹெலன்ஸ்.

"நான் கூட்டிட்டுப் போறேன் அத்தை" என்றேன். எங்கே, எப்போது, எப்படி என்று சொல்லவில்லை. சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இந்தக் கதையில் நான் செய்த தப்புகள் பல. எல்லாவற்றுக்கும் தாய் அந்த ஒரு சொல்தான்.

முதல் முயற்சி மே கடைசியில், மூன்று நாள் லீவு சேர்ந்து வந்தபோது. கீழே ரெட் பிளஃப் ஊரில் சட்டை முதுகோடு ஒட்டுகிற வெயில். அங்கிருந்து ஒரு மணி நேரம் மேலே ஏறினால் பூங்காவின் தென்மேற்கு வாசல். பூங்காவுக்குள் தெற்கிலிருந்து வடக்காக 30 மைல் சாலை ஓடுகிறது. தெற்கே நுழைந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், வடக்கு வாசல் பக்கம் எடுத்திருந்த அறையில் தங்குவதாக ஏற்பாடு. வாசலைத் தாண்டியதும் பார்வையாளர் மையம். அதற்குக் கொஞ்சம் மேலே சாலையின் குறுக்கே கம்பிக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் ரோடு இல்லை, பனிதான்.

அந்தச் சாலையின் உச்சப் புள்ளி 8,512 அடி. குளிர்காலத்தில் அங்கே முப்பது, நாற்பது அடிக்குப் பனி குவியும். வசந்தம் முழுக்க இயந்திரம் வைத்து வெட்டி எடுப்பார்கள். சில வருடம் மே கடைசியில் பாதை திறக்கும். பனி கூடுதலாகப் பெய்த வருடம் ஜூலை ஆகிவிடும். யாரும் மறைத்து வைத்த ரகசியமில்லை. பூங்காவின் இணையதளத்தில் நான்தான் அதைத் தாண்டி, 'பார்க்க வேண்டிய இடங்கள்' பகுதிக்கு நேராகப் போய்விட்டிருந்தேன்.

பார்வையாளர் மையத்தின் பெயர் கோம் யா மா நீ. மலை மைடு பழங்குடியினர் லாசன் மலையை அப்படித்தான் அழைத்தார்கள். பொருள், பனிமலை. அத்தை பலகையை வாசித்துவிட்டு, "பேர்லயே சொல்லிட்டாங்கல்லம்மா" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. விடைத்தாளில் பிள்ளை எங்கே கோட்டை விட்டது என்று பார்க்கிற டீச்சர் குரல்.

அட்சுகெவி, யானா, யாஹி, மலை மைடு என நான்கு இனத்தார் கோடையில் வேட்டைக்கும் உணவு சேகரிக்கவும் இந்த மலைக்கு ஏறி வந்திருக்கிறார்கள். பனி விழும் முன் இறங்கிவிடுவார்கள். மேலே வருடம் முழுக்கக் குடியிருந்ததில்லை. எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது, இரண்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அன்று எனக்கு அது பலகையில் இருந்த ஒரு தகவல், அவ்வளவுதான்.

வடக்கு வாசலுக்குப் பூங்காவுக்கு வெளியே சுற்றிக்கொண்டு போக நூறு மைலுக்கு மேல். இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்து, மறுநாள் மழையைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினோம். அன்று ராத்திரி மதுரையிலிருந்து நாத்தனார் வீடியோ காலில் வந்தார். "என்ன அண்ணி, எரிமலையக் காட்டறேன்னு கூட்டிட்டுப் போய் ஐஸைக் காட்டிட்டு வந்துட்டீங்களாமே!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது.

பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். எனக்குப் பட்டது, ஆனால் வந்தது கோணல் புத்தி. மலையைப் பற்றி எனக்குத் தெரிந்தது போதவில்லை, இனி வரி விடாமல் படித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஆபீசில் என் வேலையே பிராஜெக்ட் திட்டமிடுவது. எக்ஸெல் ஷீட் திறந்தேன். ஆகஸ்டுக்குள் அதில் 43 வரி.

சாலை திறந்திருக்கிறதா என்று கிளம்புகிற அன்று காலையிலும் பார்க்க வேண்டும். காட்டுத்தீ நிலவரம் பார்க்க வேண்டும். 2021-ல் டிக்ஸி தீ இந்தப் பூங்காவில் மூன்றில் இரண்டு பங்கை எரித்திருக்கிறது, கரிந்த மரங்கள் இன்னும் நிற்கின்றன. பெட்ரோல் கீழேயே நிரப்பிக்கொள்ள வேண்டும், உள்ளே வடக்குக் கோடியில் மன்சனீட்டா ஏரிக் கடையில் மட்டும் சீசனில் கிடைக்கும். செல்போன் சிக்னலை நம்பக்கூடாது, மேப்பை முன்பே இறக்கி வைக்க வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குளிரும், ஆகவே ரெட் பிளஃபில் 40 டிகிரி அடித்தாலும் ஸ்வெட்டர் வேண்டும். வெயில் மேலே இன்னும் சுள்ளென்று இருக்கும், தொப்பியும் லோஷனும் வேண்டும். மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் வரலாம், மொட்டைப் பாறையில் ஒதுங்க இடமிருக்காது. இப்படி 43 வரி. இன்றும் அந்த ஷீட்டில் குற்றம் சொல்ல ஒரு வரியும் இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம்.

படிக்கிறபோது பம்பஸ் என்பவரின் கதையும் வந்தது. கெண்டல் வான்ஹூக் பம்பஸ், 1860-களில் இந்த மலையில் கொதிநீர்க் குழிகள் நிறைந்த ஒரு பள்ளத்தைக் கண்டவர். 1865-ல் ரெட் பிளஃப் பத்திரிகை ஆசிரியர் ஒருவரை அதைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். பார்த்து வா, இங்கே தரை மெலிசு என்று அடுத்தவருக்குச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர் அவர். அவருடைய கால்தான் மேலோட்டை உடைத்துக்கொண்டு கொதிசேற்றில் இறங்கியது. கடைசியில் அந்தக் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. அந்த இடத்துக்கு இன்றும் பம்பஸ் நரகம் என்றுதான் பெயர். கணவரிடம் சொல்லிச் சிரித்தேன். "வழி காட்டப் போனவரே விழுந்துட்டார் பாருங்க."

உயரத்தைப் பற்றியும் ஷீட்டில் ஒரு வரி இருந்தது. லாசன் உச்சி 10,457 அடி, அதாவது 3,187 மீட்டர். கீழே கார் நிறுத்துமிடத்திலிருந்து உச்சிக்கு ஒரு வழி இரண்டரை மைல், ஏற்றம் சுமார் 2,000 அடி. கார் நிறுத்துமிடமே சுமார் 2,590 மீட்டர். நம் தொட்டபெட்டா சிகரம் 2,637. தமிழ்நாட்டில் மலை முடிகிற உயரத்தில்தான் அங்கே நடையே தொடங்குகிறது.

இதை எழுதிவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் 'ஓகே' என்று போட்டிருந்தேன். காரணங்களும் வைத்திருந்தேன். அத்தை தினமும் காலையில் எலிசபெத் ஏரியை ஒரு சுற்று நடக்கிறார், இரண்டு மைல், என்னைவிட வேகம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொடைக்கானலில் இரண்டு வருடம் இருந்திருக்கிறார், மலைக்குப் பழகிய உடம்பு. நாமெல்லாம் ஊட்டிக்குப் போகாதவர்களா? ஊட்டியில் இறங்கியதும் தலை வலித்தால் கொண்டை ஊசி வளைவின் மேல் பழி போட்டு, ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துவிட்டு சாக்லேட் வாங்கப் போகிறோமே. எனக்கு உயரம் என்பது அவ்வளவுதான்.

எலிசபெத் ஏரி இருப்பது ஏறக்குறைய கடல் மட்டத்தில். கொடைக்கானல் நாற்பது வருடத்துக்கு முந்திய கதை. இரண்டும் எனக்குத் தெரியும். இருந்தும் 'ஓகே' போட்டேன், ஏனென்றால் எனக்கு ஒரு போட்டோ வேண்டியிருந்தது. எரிமலை உச்சியில் அத்தை கையை உயர்த்தி நிற்கிற போட்டோ. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அது விழுந்ததும் நாத்தனார் என்ன எழுதுவார் என்றுகூட மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாயிற்று.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். அன்று ராத்திரிக்கு மன்சனீட்டா ஏரிக்கரையில் மரக் குடில் கிடைத்திருந்தது. அது 5,900 அடி உயரம். முதல் நாள் அங்கே போய்த் தூங்கி எழுந்து, மறுநாள் மெதுவாக மலைக்கு வந்திருக்கலாம். காருக்கு 30 டாலர் கொடுத்து வாங்கிய நுழைவுச் சீட்டு ஏழு நாள் செல்லும். ஆனால் முக்கியமான வேலையை முதலில் முடிக்க வேண்டும் என்பது என் ஆபீஸ் புத்தி. முதல் நாள் உச்சி, அப்புறம் மற்றதெல்லாம்.

தென்மேற்கு வாசலைத் தாண்டி ஒரு மைல்கூடப் போகவில்லை, கார் முழுக்க அழுகின முட்டை வாடை. சாலை ஓரத்திலேயே வெள்ளையாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. பின் சீட்டிலிருந்து அத்தை குரல் உயர்ந்தது. "அது என்னம்மா புகை? கந்தகம் அடிக்குதே! நிப்பாட்டச் சொல்லேன்."

"வரும்போது பார்க்கலாம் அத்தை. முதல்ல உச்சிக்குப் போயிடணும், மத்தியானம் இடி வரும்" என்றேன். அத்தை திரும்பி, பின் கண்ணாடி வழியாக அந்த ஆவி மறைகிற வரை பார்த்துக்கொண்டே வந்தார். நான் அதை முன் கண்ணாடியில் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஒன்பதரைக்கு நடக்க ஆரம்பித்தோம். கீழே ஹெலன் ஏரி நீலமாகக் கிடந்தது, மேலே சாம்பல் நிறத்தில் உச்சி. அத்தைக்கு நான் வாங்கித் தந்த சுடிதார், புது ஷூ. முதல் கால் மைல் நன்றாகத்தான் வந்தார், பேத்திக்குக் கல் பொறுக்கிக் காட்டிக்கொண்டு. அப்புறம் பேச்சு குறைந்தது. அப்புறம் ஷூ லேஸ் அவிழ ஆரம்பித்தது.

ஒவ்வொரு திருப்பத்திலும் அத்தை குனிவார். ஒரு கையைப் பாறையில் ஊன்றி, லேஸைப் பிடித்தபடி, கொஞ்ச நேரம். பின்னால் வருகிறவர்களுக்கு ஒதுங்கி வழி விடுவார். மறுபடி நடப்பார். அடுத்த திருப்பத்தில் மறுபடி லேஸ். எனக்கு எரிச்சல். இரட்டை முடிச்சு போடுங்கள் என்று காலையிலேயே சொன்னேனே! ஒரு தடவை நானே கட்டிவிடக் குனிந்தேன். "வேணாம்மா, நான் கட்டிக்கறேன்" என்று காலை இழுத்துக்கொண்டார். மருமகள் கையால் ஷூ கட்ட வைப்பதில் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவே ஒரு தடவை, "தலை லேசா கனக்குது" என்றார். தூக்கம் போதவில்லை என்று சொல்லி ஒரு மாத்திரை கொடுத்தேன். தலை கனக்குது என்ற சொல்லை நான் ஒரு அறிகுறியாகக் கேட்கவில்லை. தாண்ட வேண்டிய இன்னொரு தடையாகக் கேட்டேன்.

ஒரு மைல் ஆனபோது கடிகாரத்தில் உயரம் பார்த்தேன். 2,800 மீட்டர். "அத்தை, ஆனைமுடியைத் தாண்டிட்டீங்க! தென்னிந்தியாவிலயே உயரமான மலையை!" என்று கத்தினேன். அவர் பதில் சொல்லவில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாகப் போய்க் குமட்டினார். வெறும் வயிறு மாதிரி, ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, சிரிக்கப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன். இவ்வளவு தூரம் வந்துட்டு..."

இதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன். அந்த நிமிஷத்தில் நான் 'சரி' என்று சொல்ல வாயைத் திறந்தேன். கணவரையும் மகளையும் அவரோடு விட்டுவிட்டு நான் மட்டும் ஓடிப் போய்வந்தால் இரண்டு மணி நேரம், என்று கணக்கும் போட்டாயிற்று. யாருக்காகக் கிளம்பிய பயணம், யார் இல்லாமல் முடியப் போகிறது என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

மகள்தான் பேசினாள். "அம்மா, அப்பத்தாவோட லேஸ் அவிழவே இல்ல. நான் அப்பவே பார்த்தேன். கட்டற மாதிரி சும்மா பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க."

யாரும் பேசவில்லை. அத்தை பேத்தியை முறைத்தார், காட்டிக்கொடுத்துவிட்டாயே என்பது போல. நான் அந்த லேஸைப் பார்த்தேன். இரட்டை முடிச்சு. காலையில் போட்டது போட்டபடி.

"மூச்சு வாங்குதுன்னு சொல்லியிருக்கலாமே அத்தை."

"நீ எவ்வளவு ஆசையா ஏற்பாடு பண்ணியிருக்க. நான் எப்படிம்மா சொல்றது?"

இறங்கினோம். கணவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இறங்குகிற வழியில்தான் மீதியும் வெளியே வந்தது. அத்தை பிரஷருக்குப் போடுகிற மாத்திரை, சிறுநீர் போக வைக்கிற வகை. வழியில் அடிக்கடி காரை நிறுத்த வேண்டியிருக்குமே என்று முந்திய நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்திருக்கிறார். காலையிலிருந்து அரை டம்ளர். "பையன் வண்டி ஓட்டறான், எத்தனை தடவ நிறுத்தச் சொல்றது?" ரெட் பிளஃபில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபோது பசியில்லை என்றதும் அதனால்தான். என் 43 வரியில் பெட்ரோல் நிரப்பும் இடம் இருந்தது. கழிப்பறைக்கு நிறுத்தும் இடம் இல்லை. நானும் பெண்தான். பஸ் பயணத்துக்கு முன்னால் தண்ணீர் குடிக்காமல் கிளம்பி வளர்ந்தவள்தான். மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

உடம்புக்கு நடந்தது இவ்வளவுதான். 2,590 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைவு. உடம்பு பழக நேரம் கேட்கும். 2,500 மீட்டருக்கு மேல் போகிறவர்களுக்குத் தலைவலி, குமட்டல், அசதி, தூக்கமின்மை வருவது சாதாரணம். தினமும் நடக்கிறவர் என்பதாலோ முன்பு மலையில் இருந்தவர் என்பதாலோ அது விட்டுவிடாது. நாங்கள் ஐந்து மணி நேரத்தில், தூக்கமும் தண்ணீரும் இல்லாத உடம்பைக் கடல் மட்டத்திலிருந்து அங்கே தூக்கிக்கொண்டு போனோம். இதற்கு முதல் மருந்து, மேலே ஏறுவதை நிறுத்துவது. சரியாகவில்லையென்றால் இறங்குவது. தலைவலி மாத்திரை வலியை மறைக்கும், மலையை மறைக்காது.

மன்சனீட்டா ஏரிக்கு வந்தபோது மத்தியானம். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாய் வாயாகக் குடித்துவிட்டு, அத்தை மூன்று மணி நேரம் தூங்கினார். சாயங்காலம் எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது. நான் வெளியே கேம்ப் அடுப்பில் சாதம் வைத்து, அரை மணியாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வெளியே குழைந்து உள்ளே விதை விதையாக நின்றது.

"மூடி மேல கல்ல வை. தண்ணி இன்னும் ஊத்து. கஞ்சியா விட்டுரு, சாதமா வராது" என்றார் அத்தை, குடில் படியில் உட்கார்ந்தபடி. "இங்க தண்ணி சீக்கிரமே கொதிச்சுரும். ஆனா அந்தச் சூடு அரிசிக்குப் பத்தாது."

உண்மைதான். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். எப்படித் தெரியும் என்று கேட்டேன். கொடைக்கானலில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பருப்பு வேகவில்லையாம். கடைக்காரர் பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று சண்டைக்கே போயிருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மா சிரித்தாராம். "கீழ இருந்து வந்த பருப்பும் ஆளும் ஒண்ணுதான் டீச்சர். ரெண்டையும் அவசரப்படுத்தக் கூடாது. மொத ரெண்டு நாள் மேட்டுல ஏறாதீங்க, நல்லா தண்ணி குடிங்க."

நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். மூன்று மாதமாக எத்தனை பேர் எழுதியதைப் படித்தேன், எத்தனை பேரிடம் கேட்டேன். எங்கள் வீட்டில் மலை மேல் குடியிருந்த ஒரே ஆள் என் பக்கத்து அறையில் தூங்கினார். அவரிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் சர்ப்ரைஸ் கெட்டுவிடும். பம்பஸாவது தவறிக் கால் வைத்தார். தரை மெலிசு என்று எனக்குத் தெரிந்திருந்தது, ஷீட்டில் எழுதியே வைத்திருந்தேன். அதன் மேல் அடுத்தவர் காலை வைக்கச் சொன்னேன்.

"உங்களுக்கு எதைப் பார்க்கணும்னு ஆசை அத்தை?" என்று அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன்.

"அந்தப் புகை வந்துச்சே, அது போதும்."

மறுநாள் அதே சாலையில் திரும்பினோம். கேட்டுக் கேட்டு, நாலு இடத்தில் நிறுத்தினோம். உச்சப் புள்ளியைக் காரிலேயே தாண்டி, தெற்கே இறங்கி, சல்ஃபர் வொர்க்ஸ் என்ற அந்த இடத்தில் நின்றோம். சுமார் 7,000 அடி, கொடைக்கானல் உயரம். காரிலிருந்து இருபது முப்பது அடி நடந்தால் போதும். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் சாம்பல் நிறச் சேறு, கூழ் கொதிப்பது போல 'பொளக் பொளக்' என்று வெடித்துக்கொண்டிருந்தது. மண் மஞ்சளும் சிவப்பும் வெளிர்பச்சையுமாக வெந்து கிடந்தது.

அத்தை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. "உறங்கும் எரிமலைன்னு சொல்லிக் குடுத்தேன். இது எங்க உறங்குது?" என்றார், தனக்குத்தானே.

பிறகு பலகையை வாசித்தார். பல லட்சம் வருடங்களுக்கு முன்னால் இந்த இடத்தில் தெஹாமா என்று ஒரு பெரிய எரிமலை நின்றிருக்கிறது, சுமார் 11,000 அடி, இன்றைய லாசனைவிட உயரம். இந்தக் கந்தக ஆவியே அதன் பாறையை உள்ளிருந்து உளுக்கவைத்திருக்கிறது. மேலிருந்து பனியாறுகள் அரித்துத் தள்ளியிருக்கின்றன. சுற்றி நிற்கிற மலைகள் அதன் உடைந்த விளிம்புகள். நாங்கள் நின்றது அதன் நடுவயிற்றுப் பகுதி.

அத்தை சுற்றுமுற்றும் பார்த்தார். வலது கையை எடுத்து, காற்றில் ஒரு பெரிய முக்கோணம் போட்டார். இடது பக்க மலை விளிம்பிலிருந்து மேலே, உச்சிக்கு, அங்கிருந்து வலது பக்க விளிம்புக்கு. அப்புறம் விரலை நடுவில் மேலிருந்து கீழே இறக்கினார். விரல் எங்கள் காலடியில் வந்து நின்றது.

"ஏம்மா, அந்தக் குழாயிலல்ல நிக்கிறோம்" என்றார்.

அங்கே ஒன்றரை மணி நேரம் இருந்தோம். பேத்திக்கு முழுப் பாடம் நடந்தது. வேறு ஊர்க் குழந்தைகள் இரண்டு பேரும் மொழி புரியாமல் நின்று கேட்டார்கள். நான் ஒரு போட்டோ எடுத்தேன். அதில் அத்தையின் முகம்கூடச் சரியாகத் தெரியாது, ஆவி மறைத்திருக்கும். குழுவில் போடவில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

தெரிந்தவர்கள், அந்தப் பூங்காவுக்குப் போகிறோம் என்று இப்போது என்னிடம் ஷீட் கேட்கிறார்கள். அனுப்புகிறேன். மேலே நாலு வரி சேர்த்திருக்கிறேன். கூட வருகிறவர் எதைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று அவரிடமே கேளுங்கள். பிரஷர், இதயம், மூச்சு என்று எந்த மாத்திரை போடுகிறவராக இருந்தாலும் முன்கூட்டியே அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்கு நிறுத்துவோம் என்று கிளம்பும்போதே எல்லார் காதிலும் விழச் சொல்லிவிடுங்கள், அப்போதுதான் தண்ணீர் குடிப்பார்கள். முதல் ராத்திரி தாழ்வான இடத்தில் தூங்கிவிட்டு மறுநாள் மேலே போங்கள். மீதி 43 வரி அதற்குக் கீழே.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்திய வாரம், ஒரு காலையில் அத்தையோடு எலிசபெத் ஏரிக்குப் போனேன். பாதி சுற்றில் அத்தை குனிந்து லேஸைப் பிடித்தார். அவிழ்ந்திருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன்.